பெரோஸ் அஹ்மது: இளந்துருக்கியரின் வரலாற்றை எழுதிய டெல்லிக்காரர்

பழைய புத்தகம் வாங்க நான் போவது ஒரே இடம், சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் அல்லிக்குளம் வளாகம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போன பிறகு கடைக்காரர்களுக்குக் கொடுத்த இடம். முக்கால்வாசி இன்ஜினியரிங் கைடும் நீட் புத்தகமும்தான். அதுக்கு நடுவில் எப்பவாவது ஒன்று சிக்கும். அப்படித்தான் ‘தி மேக்கிங் ஆஃப் மாடர்ன் டர்க்கி’ என்ற புத்தகம் சிக்கியது. ரௌட்லெட்ஜ் பதிப்பு, 1993. எழுதியவர் பெரோஸ் அஹ்மது. பேரைப் பார்த்தால் நம்ம ஊர் பேர் மாதிரி இருக்கே என்றுதான் முதலில் எடுத்தேன். துருக்கி மேல் எனக்கு அப்போது தனி ஆர்வம் எதுவும் கிடையாது.

எண்ணூர் ரயிலில், பேசின் பிரிட்ஜ் தாண்டி கொருக்குப்பேட்டையில் வண்டி வழக்கம்போல நின்றபோது முன்னுரையை ஆரம்பித்தேன். வீடு வந்து சேரும்போது முதல் அத்தியாயம் முடிந்திருந்தது. எங்க மாமா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். “இன்னாடா அது?” “துருக்கி வரலாறு மாமா.” “டர்க்கி டவலு தெரியும், வரலாறு வேற இருக்குதா?”

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. துருக்கி தமிழில் பல இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக. துலுக்கர் என்ற சொல்லே துருக்கர் என்பதிலிருந்து வந்ததுதான். துருக்கித் தொப்பி என்றார்கள். கிலாபத் இயக்கம் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தி. சுயமரியாதை இயக்கத்துப் பத்திரிகைகளில் கமால் பாஷா ஒரு நாயகன். பெரியார் 1931 டிசம்பரில் கிளம்பிப் போன வெளிநாட்டுப் பயணத்தில் துருக்கியும் ஒன்று. இதெல்லாம் நமக்கு வேண்டிய துருக்கி. கலீபா வேண்டியவர்களுக்குக் கலீபா, கலீபாவை ஒழித்தவர் வேண்டியவர்களுக்கு கமால். அந்த ஊரில் அந்த ஆட்கள் தங்களுக்குள் என்ன சண்டை போட்டார்கள், யார் யாரை எதுக்காகக் கவிழ்த்தார்கள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. பெரோஸ் அஹ்மது தன் ஆயுள் முழுக்கச் செய்த வேலை அதுதான். அதனால்தான் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் எழுத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பார்க்க நெட்டுக்குப்பம் கொஞ்சம் வசதியான இடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அஹ்மது 1938-ல் டெல்லியில் பிறந்தவர். அத்தாதுர்க் இறந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். டெல்லி என்பது இங்கே முக்கியம். பால்கன் போர் நடந்தபோது காயம்பட்ட துருக்கி வீரர்களுக்கு வைத்தியம் பார்க்க 1912 டிசம்பரில் இந்தியாவிலிருந்து போன மருத்துவக் குழுவின் தலைவர் டாக்டர் அன்சாரி டெல்லிக்காரர். 1927-ல் நம்ம சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினாரே, அதே அன்சாரி. துருக்கி எழுத்தாளர் ஹாலிதே எதிப் 1935-ல் டெல்லி ஜாமியா மில்லியாவில் வந்து தொடர் சொற்பொழிவு கொடுத்திருக்கிறார். பிள்ளைக்குத் துருக்கி என்பது வெறும் பூகோளப் படமாக இருக்க முடியாத ஊர் அது. இந்தச் சூழல்தான் அவரைத் துருக்கிப் பக்கம் தள்ளியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், என் ஊகம்.

செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு லண்டன் போனார். ஸோவாஸ் எனப்படும் கீழைத்தேய ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தில் 1966-ல் முனைவர் பட்டம். பிறகு அமெரிக்காவில், பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகு இஸ்தான்புல் யெடிடெபே பல்கலைக்கழகம். வாழ்க்கை வரலாறாகச் சொன்னால் இவ்வளவுதான். சுவாரஸ்யமெல்லாம் புத்தகங்களில்.

அவர் ஸோவாஸில் இருந்த காலத்தில் அங்கே பெரிய பேர் பெர்னார்ட் லூயிஸ். லூயிஸின் ‘தி எமர்ஜென்ஸ் ஆஃப் மாடர்ன் டர்க்கி’ 1961-ல் வந்திருந்தது. அதில் துருக்கி என்பது எண்ணங்களின் கதை. மேற்கிலிருந்து கருத்துகள் வருகின்றன, பழைய நாகரிகம் ஒன்று மெல்ல மெல்ல அதை ஏற்று மாறுகிறது. அழகாக எழுதியிருப்பார், சந்தேகமே இல்லை. அஹ்மதின் முதல் புத்தகம் ‘தி யங் டர்க்ஸ்’ எட்டு வருஷம் கழித்து 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது. அதைத் திறந்தால் எண்ணங்கள் எதுவும் இல்லை. மந்திரிசபை, ராஜினாமா, தேர்தல், பட்ஜெட், பத்திரிகைத் தலையங்கம், மறுபடி ராஜினாமா. முதல் அம்பது பக்கம் எனக்கே கொட்டாவி வந்தது. ஒரே பாஷா மூணு தடவை பிரதமர் ஆவார், எதுக்கு என்று புரியாது. கடைசியில் அவரே கொடுத்திருக்கும் ஆட்களின் வாழ்க்கைக் குறிப்புப் பட்டியலை விரலால் பிடித்துக்கொண்டே படிக்க வேண்டியிருந்தது.

பிடித்துக்கொண்டு படித்தால் பலன் உண்டு. அதுவரை எல்லோரும் சொன்ன கதை சுலபமானது. 1908 ஜூலையில் இளந்துருக்கி அதிகாரிகள் புரட்சி செய்தார்கள், சுல்தான் அப்துல் ஹமீது பணிந்து அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொடுத்தார், அன்றிலிருந்து இத்திஹாத் வெ தெரக்கி, அதாவது ‘ஒற்றுமை முன்னேற்றக் கமிட்டி’, பேரரசை ஆண்டது, கெடுத்தது. அஹ்மது இதைப் பிரித்துப் போட்டார். புரட்சி நடந்தது, சரி. ஆனால் கமிட்டி நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார அவர்களால் முடியவில்லை என்பதுதான் சரி. அவர்கள் சின்ன அதிகாரிகள், தந்தி ஆபீஸ் குமாஸ்தாக்கள், இளம் வாத்தியார்கள். தலைமையகம் சலோனிகாவில். தலைநகரில் மந்திரியாக இருக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் பழைய பாஷாக்கள். அதனால் முன்னால் பாஷாவை உட்கார வைத்துவிட்டு பின்னால் நின்று நெருக்கினார்கள். பாஷாக்கள் இவர்களை ஒழிக்கப் பார்த்தார்கள். 1909 ஏப்ரலில் எதிர்க்கலகம் நடந்ததும் ராணுவம் உள்ளே வந்தது, சுல்தானை இறக்கியது, ஆனால் ஜெயித்தது கமிட்டி இல்லை. ஜெயித்தது ராணுவத் தளபதி மஹ்மூத் ஷெவ்கத் பாஷா. 1912-ல் அடியாட்களை வைத்துத் தேர்தலை ஜெயித்தார்கள். துருக்கியில் அதற்கு ‘தடித் தேர்தல்’ என்றே பெயர். அப்படி ஜெயித்தும் சில மாதத்திலேயே ஆட்சியிலிருந்து தள்ளப்பட்டார்கள். பால்கன் போர் தோல்வியின் நடுவில், 1913 ஜனவரி 23 அன்று, என்வரும் கூட இருந்தவர்களும் அரசாங்க மாளிகைக்குள் புகுந்து போர் மந்திரியைச் சுட்டுக் கொன்று, கிழவர் கியாமில் பாஷாவிடம் ராஜினாமா எழுதி வாங்கிய பிறகுதான் அதிகாரம் கைக்கு வந்தது. அதே ஜூனில் மஹ்மூத் ஷெவ்கத் கொலையான பிறகுதான் முழுசாக வந்தது.

அன்சாரியின் குழு இஸ்தான்புல்லில் இருந்த நேரம் இது. கிலாபத்தைக் காப்பாற்றும் இஸ்லாமியப் பேரரசுக்கு உதவ வந்திருக்கிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, கொஞ்ச தூரத்தில் துப்பாக்கி முனையில் மந்திரிசபை மாறிக்கொண்டிருந்தது. இந்தியாவில் இருந்து பார்த்த துருக்கிக்கும் உள்ளே இருந்த துருக்கிக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

இந்தப் புத்தகத்தின் பலம் எங்கே இருக்கிறது? பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக் கோப்புகளை எல்லாரும் படிக்கலாம், அஹ்மதும் படித்தார். அதோடு நிற்காமல் துருக்கிப் பத்திரிகைகளை, ‘தனின்’ மாதிரி கமிட்டிப் பத்திரிகைகளை, நாடாளுமன்ற விவாதங்களை, நினைவுக்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தார். தூதர் எழுதுவதைச் சாட்சியமாக எடுக்காமல், அவரையும் விளையாட்டில் இருந்த ஒரு ஆளாக எடுத்தார். இங்கே அவர் ஒரு இந்தியர் என்பது உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளைக்கார கலெக்டர் எழுதிய அறிக்கையை எப்படிப் படிப்பது என்று நம்ம ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1908 ஜூலையை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் 7-ந் தேதி திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. 22-ந் தேதி பம்பாயில் திலகருக்கு ஆறு வருஷம். 23, 24-ல் மாசிடோனியாவில் இளந்துருக்கியர் புரட்சி. மாதக் கடைசியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே தன் தூதருக்கு எழுதுகிறார்: துருக்கியில் அரசியல் சட்டம் நிலைத்துவிட்டால் எகிப்திலும் இந்தியாவிலும் கேட்பார்கள், அப்போது நம்ம பாடு கஷ்டம் என்ற பொருளில். கிரேயின் மேசையில் தூத்துக்குடியும் சலோனிகாவும் ஒரே பிரச்சினை. நம்ம புத்தகங்களில்தான் அவை தனித்தனி அலமாரியில் இருக்கின்றன.

வ.உ.சி.யைச் சும்மா இழுக்கவில்லை. அஹ்மதின் ஆகச் சிறந்த எழுத்து என்று நான் நினைப்பது புத்தகம் இல்லை, ஒரு கட்டுரை. 1980-ல் வந்தது. இளந்துருக்கியரை ‘பிறந்துகொண்டிருக்கும் ஒரு முதலாளி வர்க்கத்தின் முன்னணிப் படை’ என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவார். அவர்கள் பேரரசைக் காப்பாற்ற வந்த சிப்பாய்கள் என்பது மேலோட்டம், அவர்கள் உண்மையில் தேடியது ஒரு சொந்த வியாபார வர்க்கம் என்பது வாதம். கப்பல், வங்கி, இன்சூரன்ஸ், இறக்குமதி எல்லாம் வெளிநாட்டார் கையிலோ அவர்களோடு சேர்ந்த உள்ளூர் கிறிஸ்தவ, யூத வணிகர் கையிலோ இருந்தது. துருக்கியர் ஒன்று உழுதார்கள், இல்லையென்றால் அரசாங்க வேலை பார்த்தார்கள். வர்க்கம் இல்லாத இடத்தில் அரசே வர்க்கத்தை உண்டாக்கப் பார்த்தது. 1913-ல் தொழில் ஊக்குவிப்புச் சட்டம். போர்க் காலத்தில் கமிட்டி ஆட்களே கம்பெனி தொடங்கினார்கள், 1917-ல் தேசிய வங்கி ஒன்றும் வந்தது. சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற 1906-ன் தூத்துக்குடிக் கம்பெனியைத் தெரிந்த தமிழ் வாசகருக்கு இது ஒரு நொடியில் புரியும். வ.உ.சி.க்குக் கிடைக்காத ஒன்று அவர்களிடம் இருந்தது: அரசாங்கம்.

இதில் பெரிய தடை ‘கேபிடுலேஷன்’ எனப்படும் பழைய சலுகை ஒப்பந்தங்கள். வெளிநாட்டு வியாபாரி உதுமானிய மண்ணில் இருந்தாலும் அவனுக்கு அவன் நாட்டுத் தூதரக நீதிமன்றம்தான். இறக்குமதி வரியை ஏற்ற வேண்டுமென்றால் வல்லரசுகளின் சம்மதம் வேண்டும். 1907-ல் 8 சதவீதத்தை 11 ஆக்க அவ்வளவு பாடு. பெயருக்குச் சுதந்திர நாடு. 1896-ல் லங்காஷயருக்காக பெரம்பூர் பின்னி மில் துணி உட்பட இந்திய மில் துணிக்கு மூன்றரை சதவீதம் வரி போட்டார்களே, அது காலனி நாட்டில். இங்கே கொடி சொந்தக் கொடி, வரி மட்டும் இன்னொருத்தன் போடுவது. இந்த ஒப்பந்தங்களைத் துருக்கியர் எப்படிப் பார்த்தார்கள் என்பது பற்றியும் அஹ்மது 2000-ல் ஒரு தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவமானம் என்ற விஷயத்தை அவர் எங்கேயும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை, ஆனால் அந்தப் பக்கங்களில் அவர் கை கொஞ்சம் சூடாகிறது.

அந்த ஒப்பந்தங்களை ரத்து செய்வதாக இஸ்தான்புல் அறிவித்தது 1914 செப்டம்பர் 9. சரியாகப் பதிமூன்று நாள் கழித்து, செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதன் நினைவுக் கல் ஐகோர்ட் சுவரில் இன்னும் இருக்கிறது. எங்க பாட்டி பிடிவாதக்காரப் பிள்ளையை “சரியான எம்டன்” என்பார், அது கப்பல் பேர் என்று அவருக்குத் தெரியாது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் எம்டன் அடிபட்டபோது கரையில் இறங்கியிருந்த சுமார் ஐம்பது மாலுமிகள் தப்பி, பாய்மரக் கப்பலிலும் ஒட்டகத்திலும் ஏமன், ஹிஜாஸ் வழியாக 1915 மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். சென்னையைச் சுட்ட ஆட்களில் சிலருக்கு வரவேற்பு கொடுத்தது இளந்துருக்கி அரசாங்கம். ஜெர்மனியும் துருக்கியும் ஒரே கட்சி, அவ்வளவுதானே என்று நாம் நினைப்போம். ஆனால் செப்டம்பரில் சலுகைகளை ரத்து செய்தபோது எதிர்த்துக் கத்தியவர்களில் ஜெர்மன் தூதரும் உண்டு. ஆகஸ்ட் 2-லேயே ரகசியக் கூட்டணி போட்டாயிற்று, இருந்தும் கத்தினார். கமிட்டிக்கு ஜெர்மனி ஒரு கருவி, எஜமானன் இல்லை என்று அஹ்மது திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

இப்போது அந்தப் பள்ளம்.

1915 மே மாதத்தைச் சொன்னேன். எம்டன் மாலுமிகள் இஸ்தான்புல் வந்த அதே மாதம் 27-ந் தேதி ஆர்மீனியர்களை நாடு கடத்துவதற்கான சட்டம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் கடைசியில் இன்னொரு சட்டம், ‘எம்வால்-இ மெத்ரூகே’ பற்றியது. கைவிடப்பட்ட சொத்துகள் என்று அர்த்தம். வீட்டை, கடையை, பட்டறையை, திராட்சைத் தோட்டத்தை யார் கைவிட்டார்கள்? துப்பாக்கியோடு வந்து தெருவில் நிறுத்தி நடக்க வைத்தால் அது கைவிட்டதா? அந்தச் சொத்து கமிஷன்களின் பட்டியலில் ஏறி, பெரும்பகுதி முஸ்லிம்கள் கைக்குப் போனது.

பிறந்துகொண்டிருந்த முதலாளி வர்க்கத்துக்கு முதல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது. அந்த வர்க்கத்தின் பிறப்பை அவ்வளவு நுட்பமாக எழுதியவர் இந்த இடத்தில் வேகமாக நடந்துவிடுகிறார். ‘தி மேக்கிங் ஆஃப் மாடர்ன் டர்க்கி’யில் ஆர்மீனியர்களுக்கு மிகக் குறைந்த இடம்தான். முதல் புத்தகம் 1914-ல் நின்றுவிடுகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2014-ல், எழுபத்தைந்து வயதைத் தாண்டி, ‘தி யங் டர்க்ஸ் அண்ட் தி ஆட்டோமன் நேஷனாலிட்டீஸ்’ என்று ஆர்மீனியர், கிரேக்கர், அல்பேனியர், யூதர், அரபியர் ஒவ்வொருவரைப் பற்றியும் தனி அத்தியாயம் எழுதினார், அதுவும் 1918 வரை. அதிலாவது திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்துப் படித்தேன். ஆர்மீனியக் கட்சித் தலைவர்கள் கமிட்டியோடு நடத்திய பேச்சுவார்த்தை, தேர்தல் கூட்டணி, சீர்திருத்த ஒப்பந்தம் எல்லாம் விவரமாக இருக்கிறது. அவர்களை வெறும் பலியாட்களாக்காமல் அரசியல் செய்தவர்களாகக் காட்டுகிறார், அது நல்ல விஷயம். 1915 வந்ததும் விளக்கம் போரின் தர்க்கத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நடந்து போன ஜனங்கள் பக்கத்தில் வருவதில்லை.

ஏன் இப்படி? துருக்கி அரசாங்கத்துக்கு வேண்டியவர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. துருக்கி ராணுவத்தை அவர் விட்டு வைக்கவில்லையே. அதே 1993 புத்தகத்தில் வரிசையாக மூன்று அத்தியாயத் தலைப்புகள் ‘ராணுவத் தலையீடு’ என்றே ஆரம்பிக்கும். முதல் அத்தியாயமே துருக்கி ஒரு ராணுவச் சமூகமா என்ற கேள்விதான். 1961-ல் அதிகாரிகளின் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்து ஒயாக் என்ற நிதியம் தொடங்கியதையும், அது 1969-ல் ரெனோவோடு சேர்ந்து கார் கம்பெனி வைக்கும் அளவுக்கு வளர்ந்ததையும் வைத்து, ராணுவம் நாட்டுக்கு மேலே நிற்கும் காவல்காரன் என்ற கதையை உடைப்பார். பங்கு வைத்திருக்கிறவன் நடுநிலையாக எப்படி இருப்பான் என்பது கேள்வி. (அந்த ரெனோவின் கூட்டாளி நிஸானின் கார்கள் ஒரகடத்திலிருந்து வந்து எங்க ஊர்த் துறைமுகத்தில் வரிசை கட்டி நின்று கப்பல் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஒயாக் பற்றிப் படித்தபோது அந்த வரிசைதான் கண்ணில் வந்தது.) இப்படி எழுதியவரை அரசாங்க எழுத்தாளர் என்று தள்ள முடியாது.

எனக்குத் தோன்றுவது வேறு. வெளிநாட்டானிடமிருந்து பொருளாதாரத்தை மீட்பது என்ற கதைக்குள் நின்றால் ஒரு கண் நன்றாகத் தெரியும், இன்னொரு கண் மங்கும். டெல்லியில் 1938-ல் பிறந்தவருக்கு அந்தக் கதை உடம்பில் ஊறியிருக்கும். நமக்கும்தான். தேசிய முதலாளி, தேசிய வங்கி, தேசியத் தொழில் என்றால் நாம் உடனே கைதட்டுவோம். கணக்கில் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

நான் பற்றுப் பக்கத்தில் குடியிருக்கிறவன். நெட்டுக்குப்பத்தில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். அந்தக் கரையில் அனல் மின் நிலையப் புகைபோக்கி, சாம்பல் குளம், துறைமுகம். எல்லாம் நாட்டுக்கு வேண்டியதுதான். மின்சாரம் எங்க வீட்டிலும் எரிகிறது. ஆனால் மாமா சின்ன வயசில் இறால் பிடித்த கழியில் இப்போது முழங்கால் வரை சாம்பல் சேறு. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படகு, வலை எல்லாம் கறுத்தபோது நஷ்டஈட்டுப் பட்டியலில் யார் பேர் இருக்கு, யார் பேர் இல்லை என்பதே பல நாள் பேச்சு. கழியையும் கரையையும் ஆவணத்தில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? புறம்போக்கு. தலைமுறை தலைமுறையாக வலை காய வைத்த மணல், ஆவணத்தில் யாருடையதும் இல்லை.

ஆர்மீனியர்களுக்கு நடந்ததோடு இதை ஒப்பிடவில்லை. அது கொலை, இது வேறு. அளவிலும் தன்மையிலும் பக்கத்தில் வைக்கவே கூடாது. நான் சொல்வது அந்தச் சொற்களை மட்டும். ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லை முதன்முதலில் படித்தபோது எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு சொல்லைப் போட்டு ஒருத்தனின் இடத்தைக் காலி இடமாக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். பிரிட்டிஷ் தூதரின் சொற்களை அவ்வளவு சந்தேகத்தோடு படித்த அஹ்மது, தேசம் கட்டுகிறவர்களின் சொற்களை அதே சந்தேகத்தோடு படிக்கவில்லை. என் புகார் இது ஒன்றுதான்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சுக்ரு ஹனியோலு 1908-க்கு முந்தைய கமிட்டியின் உள்கடிதங்களைத் தோண்டி, அவர்கள் தலைக்குள் என்ன ஓடியது என்று காட்டினார். அஹ்மதின் புத்தகத்தில் இல்லாத எண்ணங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன, சில பயமுறுத்தும். எரிக் சூர்ஹர் 1984-லேயே கமிட்டிக்கும் கமாலின் இயக்கத்துக்கும் இருந்த தொடர்ச்சியைக் கயிறு பிடித்துக் காட்டியிருந்தார். சொத்துக் கதையை நேரடியாக எடுத்தவர்கள் உவூர் உமித் உங்கோரும் மெஹ்மெத் பொலாத்தெலும், 2011-ல். ஊர் ஊராகப் போய், எந்த ஆலை யாருடையது, யார் கைக்குப் போனது என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அஹ்மதின் 1980 கட்டுரையைத் திரும்ப எடுத்தால், அவர் வாதம் பொய்யாகவில்லை என்பதுதான் ஆச்சரியம். அரசே முதலாளி வர்க்கத்தை உண்டாக்கியது என்று சொன்னார், அது நிற்கிறது. எதை வைத்து உண்டாக்கியது என்ற பாதியை இவர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

துருக்கியிலேயே அவரை நிறையப் படிக்கிறார்கள், முதல் புத்தகம் சீக்கிரமே துருக்கி மொழிக்குப் போய்விட்டது. ஒரு நாட்டின் சொந்த வரலாற்றை அந்த நாட்டுக்காரர்களே ஒரு டெல்லிக்காரரிடம் பாடமாகப் படிப்பது சாதாரண விஷயம் இல்லை. பேதியா துர்காய் அஹ்மதுடன் சேர்ந்து அவர் 1976-ல் துருக்கி மொழியில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 1945 முதல் 1971 வரையிலான பல கட்சி அரசியலின் காலவரிசை, நாள்வாரியாக, குறிப்புகளோடு. அடுத்த வருஷம் வந்த ‘தி டர்க்கிஷ் எக்ஸ்பெரிமென்ட் இன் டெமாக்ரஸி’க்கு அடியில் கிடப்பது இந்த மாதிரி உழைப்புதான். இப்படி ஒரு வேலைக்குப் பாராட்டு கிடைக்காது, மேற்கோள் காட்டவும் மாட்டார்கள், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். தமிழ்நாட்டுக் கட்சி அரசியலுக்கு 1949-லிருந்து அப்படி ஒரு நாள்வரிசையை யாராவது உட்கார்ந்து செய்தால் முதல் பிரதி நான் வாங்குகிறேன்.

அவரைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் ‘தி மேக்கிங் ஆஃப் மாடர்ன் டர்க்கி’யில் தொடங்கலாம், இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான். பிறகு அந்த 1980 கட்டுரை. ‘தி யங் டர்க்ஸ்’ஸை மூன்றாவதாக எடுங்கள், பெயர்ப் பட்டியலை முதலில் படித்துவிட்டு. 2014 புத்தகத்தைத் தனியாகப் படிக்காமல், உங்கோர்–பொலாத்தெல் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. என் பிரதியை யாருக்கும் இரவல் தருவதாக இல்லை. மாமா வேறு, எம்டன் கதையைச் சொன்னதிலிருந்து, அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அது இந்தப் புத்தகத்தில் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.